பொட்காஸ்டிலும் பேச்சுப் போட்டியா?

எங்கள் பகுதிப் பாடசாலையொன்று கைத்தொலைபேசியில் மாணவர் பொட்காஸ்ட் தொடங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டபோது மகிழ்ந்தேன். கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் தமிழில் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசிக்கக்கூடிய பிள்ளைகள் குறைந்து வருவதை அன்றாடம் காண்பவன் நான். எந்த வழியால் வந்தாலென்ன, வாசிப்பும் எழுத்தும் வந்தால் சரி என்ற எண்ணத்தில், வட்ஸ்அப்பில் வந்த நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் கேட்டேன். கேட்டு முடித்ததும் எரிச்சல்தான் மிஞ்சியது.

நேரத்தின் பெறுமதி. சூழலைப் பாதுகாப்போம். வாசிப்பு மனிதனைப் பூரணப்படுத்தும். தலைப்புகள் இவைதாம். "பெருமதிப்பிற்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே" என்று ஒரு பிள்ளை கைத்தொலைபேசியைப் பார்த்து விளிக்கிறது. அந்த அதிபர் கைத்தொலைபேசிக்குள்ளா அமர்ந்திருக்கிறார்? குரல் பிள்ளையினுடையது. எழுத்து ஆசிரியருடையது. பிள்ளை அதை மனனஞ் செய்து, எந்த இடத்தில் குரலை உயர்த்தச் சொன்னார்களோ அந்த இடத்தில் உயர்த்துகிறது. மீலாத் விழாவிலும் தமிழ்த் தினப் போட்டியிலும் ஆண்டாண்டு காலமாக நாம் நடத்திவரும் அதே வித்தைதான். மேடைக்குப் பதில் கைத்தொலைபேசி வந்திருக்கிறது, அவ்வளவே.

இதில் என்னை மிகவும் நோகச் செய்த விடயம் வேறு. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு களனி கங்கை பெருக்கெடுத்து எமது வீடுகளுக்குள் புகுந்ததை அதே பாடசாலையில் எட்டாந்தரம் படிக்கும் ஒரு மாணவி இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தாள்களை நான் பார்த்தேன். "உம்மா குர்ஆனத் தூக்கி அலுமாரிக்கு மேல வெச்ச. பொறகுதான் அரிசி மூட்டயத் தூக்கிய" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். முதலில் எதைத் தூக்கினார்கள், பிறகு எதைத் தூக்கினார்கள் என்ற அந்த வரிசையிலேயே ஒரு வீடு முழுவதும் தெரிகிறது. அந்தத் தாள்கள் "கொச்சைத் தமிழ்" என்ற குறிப்போடு திரும்பி வந்தன. அவளுக்குப் பதிலாக வேறொரு மாணவி 'அனர்த்த முகாமைத்துவம்' என்ற தலைப்பில், ஆசிரியர் எழுதிய உரையை ஒப்புவித்தாள். 2016 மே மாதத்திலும் வெள்ளம் வந்து, மறு ஆண்டு ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளோடு மனிதர்களையும் மூடிய மண் இது. இந்த மண்ணின் பிள்ளைகளிடம் அனர்த்தம் பற்றிச் சொல்ல எதுவுமில்லை என்று நினைத்து, நாமே எழுதிக் கொடுக்கிறோம்!

பொட்காஸ்ட் என்பதை வெறும் நவநாகரிகம் என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கைத்தொலைபேசிதான் வாசிப்பைக் கொன்றது, அதைக் கொண்டே வாசிப்பை எப்படி வளர்ப்பது என்று நம் எழுத்தாள நண்பர்கள் கேட்கிறார்கள். பிள்ளை தானே எழுதித் தானே பதிவு செய்யும்போது என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. சனிக்கிழமை பின்னேரங்களில் சில பிள்ளைகளுடன் அமர்கிறவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

மூன்று நிமிட நிகழ்ச்சிக்கு அப்பியாசக் கொப்பியில் ஏறத்தாழ இரண்டு பக்கம் எழுத வேண்டும். பிள்ளை எழுதியதைச் சத்தமாக வாசிக்கும்போது நீண்ட வசனத்தில் மூச்சு முட்டுகிறது. முற்றுப்புள்ளி எதற்கு என்று பலகையில் எழுதிக் காட்டி விளங்காதது அப்போது விளங்குகிறது. பதிவைத் திரும்பக் கேட்டால் 'அதுக்குப் பொறகு' என்ற சொல் பத்து முறை வந்திருப்பது அதன் காதிலேயே விழுகிறது. நான் சிவப்புப் பேனையைத் தொடவில்லை. பிள்ளையே வெட்டுகிறது, திருத்துகிறது, மறுபடி வாசிக்கிறது. ஒரு நிகழ்ச்சி முடிவதற்குள் தன் எழுத்தை ஏழெட்டுத் தடவை வாசித்துவிடுகிறது. பாடநூலின் எந்தப் பாடத்தை எந்தப் பிள்ளை தானாக விரும்பி ஏழெட்டுத் தடவை வாசித்தது?

இதைவிடக் கனமான பயிற்சி, உம்மும்மாவிடம் கதை கேட்டுப் பதிவு செய்து, அதைச் சொல்லுக்குச் சொல் கொப்பியில் இறக்குவது. சொல்லுவது ஒரு மாதிரியாகவும் எழுதுவது இன்னொரு மாதிரியாகவும் இருப்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறது. 'ஊடு' என்று காதில் விழுவதை 'வீடு' என்று எழுதுவதா, உம்மும்மா சொன்னபடியே விடுவதா என்று இரண்டு பிள்ளைகள் அரைமணி நேரம் சண்டை பிடித்தார்கள். நான் தலையிடவில்லை. இலக்கணத்தை இதைவிட நன்றாக நான் கற்பித்திருக்க முடியாது. கலையகமும் தேவையில்லை. உடுப்பு அலுமாரியின் கதவைத் திறந்து, துணிகளின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பேசினால் எதிரொலி அடங்கிவிடும். எண்ணெய்க் கொம்பனிப் பவுசர் போகும் சத்தத்துக்குத்தான் எங்களிடம் மருந்தில்லை.

உலகில் மற்றவர்களும் இதை விளங்கியிருக்கிறார்கள். அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். மாணவர் பொட்காஸ்ட் போட்டியொன்றை ஆரம்பித்து, 2019இல் முதல் முடிவுகளை அறிவித்தது. நடுத்தர வகுப்புப் பிரிவில் வென்றவர்கள் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதி மாணவியர். மாதவிடாயைப் பற்றிப் பேசக் கூசும் சமூகத்தைப் பற்றியே அவர்கள் பேசினார்கள். உயர்தரப் பிரிவில் வென்ற டெனிசி மாநிலத்து மாணவர்கள், 1916இல் மேரி என்ற சர்க்கஸ் யானையைத் தூக்கிலிட்ட அயலூரான அர்வின் அந்தப் பழியைச் சுமந்த கதையைச் சொன்னார்கள். 'விலங்குகளிடம் அன்பு காட்டுவோம்' என்ற தலைப்பை யாராவது அவர்களுக்குக் கொடுத்திருந்தால் அந்த யானை வெளியே வந்திருக்குமா?

அமெரிக்காவுக்குப் போவானேன்! இலங்கை வானொலி எம்மிடம் இருந்தது. நேயர்கள் எழுதி அனுப்பிய கதைகளைப் பாடல்களுடன் இணைத்து ஒலிபரப்பிய 'இசையும் கதையும்' நிகழ்ச்சியில் தம் பெயர் வாசிக்கப்படுவதற்காகவே எத்தனை பேர் பேனை பிடித்தார்கள்! முஸ்லிம் சேவையின் 'மாதர் மஜ்லிஸ்' நிகழ்ச்சிக்கு எழுதத் தொடங்கிப் பின்னர் நூல்கள் வெளியிட்ட சகோதரிகளின் பெயர்களை இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. அவர்களுக்கு யாரும் உரை எழுதிக் கொடுக்கவில்லை. அடுப்படியில் வேலை முடித்து, அரைத்தாளில் தாமே எழுதி, முத்திரை ஒட்டித் தபாலில் சேர்த்தார்கள். காதால் கேட்கும் ஊடகம் இந்த நாட்டில் எழுத்தாளர்களை உண்டாக்கியிருக்கிறது. தம் எழுத்தை அதற்கு அனுப்பியவர்களே எழுத்தாளரானார்கள்.

அதே 'மாதர் மஜ்லிஸ்' நினைவுக்கு வருவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளின் குரல் வெளியே போகக்கூடாது என்று சில வாப்பாமார் தடுக்கிறார்கள். பல தசாப்தங்களாக எமது பெண்களின் குரலை எமது வீடுகளில் எமது வாப்பாமாரும் மூத்தவாப்பாமாரும் கேட்டு வந்திருக்கிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் 2,210 என்று கணக்கிடுகிறார்கள். அத்தனையையும் அவர்கள் சைகையாலா அறிவித்தார்கள்? பிள்ளையின் பாதுகாப்புப் பற்றிய பயம் வேறு. அது நியாயமானது. பெயர், முகம், பாடசாலை எதுவும் வேண்டாம். குடும்பத்தவருக்கு மட்டும் அனுப்புங்கள். கேட்பதற்குப் பத்துப்பேர் இருந்தால் போதும், பிள்ளை எழுதும்.

மனனம் எமது மரபு, அதைப் பழிக்கிறீரா என்று ஒரு மௌலவி நண்பர் கோபித்துக்கொண்டார். ஹிப்ழை யார் பழித்தது? அது அல்லாஹ்வின் கலாம், அதில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்பதற்காக மனனஞ் செய்கிறோம். நேரத்தின் பெறுமதி பற்றி ஓர் ஆசிரியர் தேநீர் இடைவேளையில் எழுதிய உரைக்கும் அந்த மரியாதையா? தவிரவும், மனனத்தில் அத்தனை வலிமை பெற்றிருந்த அந்தச் சமூகமே குர்ஆனை எழுத்தில் தொகுக்கும் பொறுப்பை ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தது.

என் கவலையெல்லாம் சிங்கள மொழிமூலம் படிக்கும் எமது பிள்ளைகளைப் பற்றியது. கொழும்பிலும் சுற்றயலிலும் அவர்களின் தொகை சிறிதன்று. வீட்டில் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெற்றோரைக் குறை சொல்வதில் பயனில்லை. தொழிலையும் பக்கத்துப் பாடசாலையையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்த ஒரு பையன், தன் வாப்பாவின் முச்சக்கரவண்டியைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டு வந்தான், சிங்கள எழுத்துகளில்! மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவர்களுக்கு அறபுத்தமிழைப் பற்றிச் சொன்னேன். எமது முன்னோர் தமிழை அறபு எழுத்தில் எழுதி வாசித்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அதில் நூல்களே இயற்றினார்கள். அந்த எழுத்தின் வழியாகத்தான் எமது மூத்தும்மாமார் பலர் வாசிக்கக் கற்றார்கள். பையன் பதிவை முடித்தான். பின்னர் இன்னொரு பிள்ளை அதே பிரதியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்க, அதை அவன் வாசிக்கத் தொடங்கினான். என்ன எழுதியிருக்கிறது என்பது ஏற்கெனவே தெரியும், அவனே சொன்னதல்லவா? எழுத்தை மட்டும் அடையாளங் கண்டால் போதும். அகர வரிசையில் தொடங்கியிருந்தால் இரண்டாவது சனிக்கிழமை அவன் வந்திருக்கவே மாட்டான்.

1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்ட சித்திலெப்பையின் வாரிசுகள் நாம் என்று ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். அந்த விழாவிலும் ஒரு பிள்ளை எழுந்து, யாரோ எழுதிய உரையை ஒப்புவிக்கும். முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகிற எழுத்தாளர்களுக்கு அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, "இதில் நீ எழுதிய ஒரு வசனத்தைக் காட்டு" என்று கேட்கத் தோன்றுவதில்லை. எமது நூல்களை வாசிக்க ஆளில்லை என்ற புலம்பல் மட்டும் விழாவுக்கு விழா கூடுகிறது.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றே: எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்துப் பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிடமும் ஒரு கோரிக்கை. ஒவ்வோர் இதழிலும் இரண்டு பக்கங்களைப் பிள்ளைகளின் ஒலிப் பிரதிகளுக்கு ஒதுக்குங்கள். 'வெச்ச', 'தூக்கிய' என்பவற்றைத் திருத்தாமல் அச்சிடுங்கள். அடுத்த இதழுக்கு, திருப்பியனுப்பப்பட்ட அந்த இரண்டு தாள்களையும் அவளிடமும் அவளது உம்மாவிடமும் சம்மதம் பெற்று, பெயரில்லாமல் அனுப்பிவைக்கிறேன்.