நிற்பவர்க்கும் ஓர் இருக்கை

'மனித வளம்' என்ற கலைச்சொல் எவ்விதத் தடையுமின்றித் தமிழில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. நீர் வளம், கனிம வளம் என்ற வரிசையில் மனிதரையும் சேர்த்துவிட்ட சொல் அது. பெருந்தொற்றுக்குப் பிந்தைய பணியிடங்களைப் பற்றி மனிதவளத் துறையினர் பேசுவதைக் கேட்கும்போது, அந்த வளத்தில் யாரெல்லாம் அடங்குவர் என்ற ஐயம் நமக்கு எழுகிறது.

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும், கணினியில் வேலை செய்வோரின் அலுவலகம் வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. 2023 மே 5 அன்று கோவிட் தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிவுக்கு வந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம், எத்தனை நாள் வீடு என்ற விவாதம் மட்டும் ஓய்ந்தபாடில்லை. அவசியமான விவாதந்தான். ஆயினும் அது மேசையும் நாற்காலியும் உடையோரின் விவாதம். துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. அவரைப் போன்றோரின் வாழ்வை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இலேயே திரையில் காட்டியது.

அவர் அமர்வதற்கான உரிமையைச் சட்டமே தர வேண்டியிருந்தது. கடைகளில் வேலை செய்யும் பெண்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் கேரளம் 2018இல் அவ்வுரிமையை வழங்கியது. தமிழ்நாடு, 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தியது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்ந்துகொள்ள ஊழியர் அனைவருக்கும் இருக்கை தரப்பட வேண்டும் என்கிறது அத்திருத்தம்.

சட்டத்தால் நாற்காலியைப் போட முடியும். அதில் அமர்பவரைச் சோம்பேறி என்று எண்ணாத மேற்பார்வையாளரை உருவாக்குவது நிர்வாகத்தின் பொறுப்பு. மனிதவளத் துறைக்கு உரிய வேலை இங்கேதான் இருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அமரலாம் என்பதை எழுத்தில் அறிவிக்கலாம். நின்று செய்யும் வேலையை முறைவைத்து மாற்றிக் கொடுக்கலாம். நோய் விடுப்பும் அப்படியே. அது ஏட்டில் இருந்து பயனில்லை. கேட்பதற்கு அஞ்சாத நிலை வேண்டும். ஒருநாள் கூலி போய்விடுமென்று காய்ச்சலோடு வேலைக்கு வருபவரால் சக ஊழியருக்கும் வாடிக்கையாளருக்கும் நோய் பரவும் என்பதைப் பெருந்தொற்று நமக்கு ஐயமறக் கற்பித்தது. அப்பாடத்தைக் கைகழுவும் மருந்தோடு சேர்த்து மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. நிற்பவரே உழைப்பவர் என்ற பழைய எண்ணத்தைக் கைவிட வேண்டும், அவ்வளவே. அவ்வெண்ணம் முதலாளிகளிடம் மட்டும் இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. நாம் நுழைந்ததும் கடைப்பெண் எழுந்து நிற்பதை மரியாதை என்று எதிர்பார்ப்பவர்கள் நாமே அல்லவா?

அடுத்த முறை துணிக்கடைக்குச் செல்கையில் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் எவரேனும் அமர்ந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அமர்ந்திருந்தால், அவர் உட்கார்ந்தபடியே விலை சொல்லட்டும்.