எண்ணத் தெரியாதவன் கையில் தோட்டா எதுக்கு?

நான் பொழைக்க வந்த டெக்சாஸில், கைத்துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே திரும்ப நிரப்புறவங்க ஏராளம். அவங்க பயபக்தியெல்லாம் பிரைமர் மேலதான். சுமார் அஞ்சு மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னக் கிண்ணி. ஊசி அடிச்சா தீப்பொறி. ரைஃபிளுக்கான கிண்ணி தடிமன், பிஸ்டலில் சில சமயம் வெடிக்காது. அதனால பார்த்து வாங்கணும். அடிப்பாகத்தைவிட மயிரிழை உள்ளே உட்காரணும், துருத்தினா ஆபத்து. ஒவ்வொண்ணையும் விரலால தடவிப் பார்ப்பாங்க. நூறு பிரைமர் தட்டில் ஒண்ணு குறைஞ்சாலும் மேசைக்கடியில தேடுவாங்க.

இப்ப நம்மூருக்கு வாங்க. திருவனந்தபுரம் சிறப்பு ஆயுதப் போலீஸ் பட்டாலியனில் 12,061 தோட்டாவும் 25 இன்சாஸ் ரைஃபிளும் குறையுதுன்னு 2020 பிப்ரவரியில் சி.ஏ.ஜி. அறிக்கை சொல்லுச்சு. 9 எம்.எம். டிரில் தோட்டா 250-க்குப் பதிலா போலிகள் இருந்ததாம்!

‘பதிவேட்டுல தப்பு சார், அவ்வளவுதான்’னு சப்பைக்கட்டு கட்டுறாங்க. ரைஃபிள் எதுவும் தொலையலைன்னு குற்றப்பிரிவும் சொல்லுச்சு. இருக்கட்டும். போலி செஞ்சு அடுக்குறது எழுத்துப்பிழையா? எண்ணிக்கையை மட்டும் பார்ப்பான், கையில எடுத்துப் பார்க்கமாட்டான்னு தெரிஞ்சவன் பண்ற வேலை அது.

தொலைஞ்ச தோட்டா யாரோட நெஞ்சுக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்? வருஷத்துக்கு ஒருதடவை, வெளியாளை வெச்சு, ஒவ்வொண்ணா எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்து எண்ணுங்க. போலீஸையே சந்தேகப்படலாமான்னு கேட்கிறவங்களுக்கு ஒரே பதில்: பொழுதுபோக்குக்குச் சுடுறவன் தன்னையே சந்தேகப்பட்டுத்தான் தடவிப் பார்க்கிறான். சம்பளம் வாங்குறவங்களுக்கு என்ன கேடு?