எண்ணூர்க் கழியும் சங்கங்களின் கடமையும்

நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் இப்பத்திரிகையில் மீனவரின் கழியைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் வினவக்கூடும். கெட்டுப்போன நீர்நிலையொன்றைச் சீர்ப்படுத்தும்பொழுது, அதை நம்பிப் பிழைப்போரின் கதி என்னவென்பதே இங்கு எழும் பிரச்னை. ஏரிப் பாசனத்தை நம்பிய குடியானவருக்கும், சாயக் கழிவால் ஆறு கெட்டதைக் கண்ட நெசவாளருக்கும் இது அந்நியமான விஷயமன்று.

கொசஸ்தலையாறு கடலோடு கூடுமிடத்தில் அமைந்தது எண்ணூர்க் கழி. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பற் குழாய்கள் பல்லாண்டுகளாகக் கசிந்து அதில் சாம்பல் படிந்தது. அதனை அகற்றிக் கழியைச் சீர்ப்படுத்துமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் உத்தரவிட்டது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் புறப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து கழியெங்கும் பரவியது. போதாக்குறைக்கு, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்ட மட்டி இனமொன்று ஆற்றின் அடித்தரையை மூடி வருகிறது. ‘காக்கா ஆழி’ என்று மீனவர் அழைக்கும் இம்மட்டி படர்ந்த இடத்தில் இறால் ஒதுங்கச் சேறு கிடைப்பதில்லை.

ஆகவே கழியைத் திருத்த வேண்டுமென்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. எவ்விதம் திருத்துவது, யாரைக் கலந்து திருத்துவது என்பவையே யோசிக்கத் தக்கவை. தூர் வாரி ஆழப்படுத்தினால் படகுக்காரருக்கு நன்மை. ஆனால் இப்பகுதி இருளர்கள் படகின்றி, ஆழமற்ற நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போட்டுக்கொள்பவர்கள். எல்லா இடமும் ஆழமாகிவிட்டால் அவர்கள் தொழில் முடிந்தது. அலையாத்திச் செடி நடுவது மீன்குஞ்சுகளுக்கு நல்லதே. வலை கட்டும் இடத்தில் நட்டால் அதுவே தகராறுக்கு வித்தாகும். இத்தகைய நுட்பங்களைக் கழியில் இறங்குபவர்களே அறிவார்கள்.

வடக்கே பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. தாமே வகுத்த விதியாதலால் மீனவர் அதை மதித்தனர். எனினும் பரம்பரைப் பாத்தியதை இல்லாதவர்களுக்கு அதில் இடமில்லாமையால் பூசல்களும் விளைந்தன. பிச்சாவரத்தில் நீர் தேங்கி உவர்ப்பேறிய நிலத்தில், வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலையாத்திக் காட்டை மீட்டன.

இவற்றைக் கொண்டு நாம் செய்யத் தக்கவை சில. வேலை தொடங்குமுன் அதன் வரைபடத்தைத் தமிழில் கரையோரக் குப்பங்களின் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். நாற்று வளர்த்தல், மட்டி அகற்றல், காவல் ஆகிய வேலைகளை மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மூலமே கொடுக்க வேண்டும். கடலில் 61 நாள் தடைக்காலத்திற்கு அரசாங்கம் நிவாரணம் வழங்குவதுபோல, கழியில் வேலை நடக்கும் நாட்களுக்கும் வழங்குவது நியாயம். செலவின் பளு கழியைக் கெடுத்தவர்கள் மேல் விழ வேண்டும்.

சங்கங்களுக்கு விட்டால் இன்றைய மீன்பாட்டையே பார்ப்பார்கள் என்போர் உண்டு. அந்த ஐயம் முற்றும் வீணன்று. சிறுகண் வலையை விலக்கவும், குஞ்சுகள் வளரும் இடங்களைத் தொடாமல் விடவும் சங்கங்கள் தீர்மானம் செய்யத்தான் வேண்டும். படகில்லாத இருளரையும், மீன் விற்கும் பெண்களையும் சம வாக்குள்ள அங்கத்தினராகச் சேர்க்கவும் வேண்டும். மேலிருந்து வந்த சுற்றறிக்கையைக் காட்டிலும், தாம் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானத்தையே அங்கத்தினர்கள் காப்பாற்றுகிறார்கள் என்பது சங்கங்களைப் பரிசீலிக்கும் வேலையில் நான் கண்ட உண்மை. மீனவர் சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவிலேயே இதனை எடுத்துக்கொள்வார்களாக. நெசவாளர், விவசாயிகள் சங்கங்களும் அவர்களுக்குத் துணை நிற்குமென நம்புகிறேன்.