அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலம் 77 நாளில் ரத்தானது ஏன்?

மதுரை மாவட்டம் மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக 2024 நவம்பர் 7ஆம் தேதி மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. 2025 ஜனவரி 23ஆம் தேதி அதே அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. நடுவில் வெறும் 77 நாள்!

மக்கள் போராட்டம், அரசியல் அழுத்தம் என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். அது சரிதான். ஆனால் திட்ட மேலாண்மை படிப்பவர்களுக்கு இதில் வேறொரு பாடம் இருக்கிறது. 'ஸ்டேக்ஹோல்டர்' யார் என்று கணக்குப் போட்டதிலேயே கோளாறு.

யார் இந்த ஸ்டேக்ஹோல்டர்?

அரசு ஆவணங்களில் 'பங்குதாரர்' என்று எழுதுகிறார்கள். கேட்டால் கம்பெனியில் ஷேர் வைத்திருப்பவர் போலத் தோன்றும். உண்மையில் ஒரு திட்டத்தால் லாபமோ நஷ்டமோ அடையும் எல்லோருமே ஸ்டேக்ஹோல்டர்தான். இவர்களை அதிகாரம், அக்கறை என்ற இரண்டு அளவுகோல்களை வைத்து நான்கு கட்டங்களில் பிரிப்பது வழக்கம். அதிகாரம் குறைவு, அக்கறை அதிகம் என்ற கட்டத்தில் இருப்பவர்களுக்குத் தகவல் மட்டும் சொன்னால் போதும் என்பது பாடப்புத்தக அறிவுரை.

அரிட்டாபட்டி மக்கள் அந்தக் கட்டத்தில்தான் இருந்தார்கள். ஆனால் தகவலே முறையாகப் போகவில்லை. 2023இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டப்படி 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் போய்விட்டது. மக்கள் கருத்துக்கேட்பு, ஏலம் முடிந்து சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போதுதான் வரும். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதைதான்.

வரைபடத்தில் தெரியாதது

ஏலம் விடப்பட்ட பரப்பு சுமார் 20 சதுர கி.மீ. அதில் பல்லுயிர் பாரம்பரியத் தலம் 1.93 சதுர கி.மீ. மட்டுமே என்றது மத்திய அரசு. அதை மட்டும் விலக்கி எல்லையை மாற்ற முடியுமா என்று ஆராயுமாறு டிசம்பர் 24ஆம் தேதி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டுக்கொண்டது. அதாவது, பிரச்சினை லகர் வல்லூறுக்கும் சமணர் படுகைக்கும் மட்டும்தான் என்று நினைத்தார்கள்.

ஊர்க்காரர்களின் கணக்கு வேறு. மேலூர்ப் பகுதி, முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி ஒருபோகம் விளைகிற பூமி. மலையில் வழியும் மழைநீர்தான் கண்மாய்களுக்கு வருகிறது. போதாததற்கு, 2012இல் அப்போதைய ஆட்சியர் உ.சகாயத்தின் அறிக்கைக்குப் பிறகு வெடித்த கிரானைட் விவகாரத்தை இந்த ஊர்கள் மறக்கவில்லை. குவாரி என்றால் என்ன ஆகும்னு இவங்களுக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ஊர் அம்பலக்காரர்கள். எந்த அரசு வரைபடத்திலும் இல்லாத, ஆனால் சொன்னால் ஊரே திரளும் ஆட்கள்.

அதிகாரம் இடம் மாறியது எப்படி?

அதிகாரம், நியாயம், அவசரம் ஆகிய மூன்றையும் வைத்தே ஒரு தரப்பின் முக்கியத்துவத்தை அளக்க வேண்டும் என்று மிட்செல், ஏகிள், வுட் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1997இல் எழுதினார்கள். நியாயமும் அவசரமும் மட்டும் இருப்பவர்கள், அதிகாரத்தை அடுத்தவரிடம் இரவல் வாங்குவார்கள் என்பது அவர்கள் வாதம். மேலூரில் நடந்தது அச்சு அசல் அதுதான்.

டிசம்பர் 9ஆம் தேதி சட்டப்பேரவை ஏலத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. (2023 அக்டோபரிலேயே எதிர்ப்பைச் சொன்னோம் என்றது மாநில அரசு, ஏலம் முடியும்வரை ஆட்சேபம் வரவில்லை என்றது மத்திய அரசு. இந்தச் சண்டை தனிக்கதை.) வியாபாரிகள் கடையடைத்தார்கள். ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தமுக்கம் வரை ஆயிரக்கணக்கானோர் பேரணியாக வந்தார்கள். மத்தியில் ஆளும் பாஜகவின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலையே ஊர்ப் பிரதிநிதிகளை டெல்லிக்கு அழைத்துப் போய், ஜனவரி 22ஆம் தேதி அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்திக்க வைத்தார். மறுநாள் ரத்து.

இனி?

2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி, முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பில் இருந்தே விலக்கு. அந்தக் கனிமப் பட்டியலில் டங்ஸ்டனும் இருக்கிறது.