ஸ்டாண்டுக்கு வராத வண்டி

வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறும் வாடகை வண்டிக்கு எங்கள் பக்கத்து டிரைவர்கள் வைக்கும் பரீட்சை எளியது. உள்ளே ஏழு பேர், கூரைமேல் பெட்டி படுக்கை. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து, நிறுத்தி, மறுபடி எடுக்கும்போது வண்டி திணறக் கூடாது. இழுவை வேண்டும். வழியில் மக்கர் செய்தால் பெருமாள்மலையிலோ மூஞ்சிக்கல்லிலோ உள்ள பட்டறையிலேயே சரியாக வேண்டும். இதில் தேறிய வண்டிகள்தான் கொடைக்கானல் ஸ்டாண்டில் நின்றிருக்கின்றன. அம்பாசிடர், மகிந்திரா ஜீப், டாடா சுமோ, குவாலிஸ், டவேரா, இன்னோவா என்று தலைமுறை தலைமுறையாக மாறி வந்தன.

இந்த வரிசையில் ஃபோர்டு இல்லை. நம் மாநிலத்திலேயே, மறைமலைநகரில் செய்த வண்டி. சொந்த உபயோகத்துக்கு வாங்கி மலைக்கு ஓட்டி வந்தவர்கள் உண்டு. ஐகான் வந்தது, எகோஸ்போர்ட் வந்தது, ரிசார்ட் வாசல்களில் எண்டேவர் நின்றது. மஞ்சள் போர்டு மாட்டிய ஃபோர்டு மட்டும் அபூர்வம். ஏன் என்று ஒரு டிரைவரிடம் கேட்டேன். “வண்டி தங்கம் சார். ஆனா சாமானுக்கு மதுரைக்குப் போகணும். நாளைக்கு விக்கப் போனா எவன் வாங்குவான்?” என்றார்.

கம்பெனி அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கக்கூடிய அறிக்கை அந்த மூன்று வரியில் அடங்கிவிட்டது. 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது. 2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசி எகோஸ்போர்ட் வெளியே வந்தது. அது வருடத்துக்கு 2 லட்சம் கார் செய்யக்கூடிய ஆலை. குஜராத்தில் சானந்த் ஆலையையும் சேர்த்தால் 4 லட்சத்துக்கு மேல். கடைசிக் காலத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேலை நடந்தது. பெயின்ட் ஷாப்பின் சூடும், ரோபோக்களின் தேய்மானமும், வங்கி வட்டியும் ஒரு கார் செய்தாலும் ஆயிரம் கார் செய்தாலும் ஒரே செலவுதான். கூட்டம் குறைந்தது என்று கல்யாண மண்டப வாடகையை யாரும் குறைத்துக்கொள்வதில்லை அல்லவா?

இதே கணக்கில்தான் ஆஸ்திரேலியாவும் கார் செய்வதை விட்டது. 1948ல் பிரதமர் சிஃப்லி முன்னிலையில் முதல் ஹோல்டன் கார் வந்தபோது அது தேசத்தின் பெருமை. 1980களின் நடுவில் வெளிநாட்டுக் காருக்கு 57.5 சதவீதம் சுங்கவரி இருந்தது. பிறகு படிப்படியாகக் குறைத்து 2010ல் 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2005ல் தாய்லாந்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிக்அப் வண்டிகள் அங்கிருந்து வந்து குவிந்தன.  இதற்கு நடுவே இரும்புத் தாதும் நிலக்கரியும் சீனாவுக்குப் போய்ப் பணம் கொட்டியதில் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலரையே மிஞ்சியது. சுரங்கக்காரர்களுக்குத் தீபாவளி. உள்ளூரில் கார் செய்கிறவனுக்கோ, செலவெல்லாம் உள்ளூர் டாலரில், போட்டியெல்லாம் மலிந்துபோன இறக்குமதிக் காரோடு.

சந்தையும் சின்னது. வருடத்துக்கு 11 லட்சம் வண்டி விற்கும் நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் போட்டி போட்டன. 2013 வாக்கில் ஃபோர்டு, ஹோல்டன், டொயோட்டா மூன்றும் சேர்ந்தே 2 லட்சம் காரைத்தான் செய்தன. மறைமலைநகர் ஆலை தனியாகவே செய்திருக்கக்கூடிய எண்ணிக்கை அது. ஆஸ்திரேலியாவில் கார் செய்யும் செலவு ஐரோப்பாவைப்போல் இரண்டு மடங்கு, ஆசியாவைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு என்று சொல்லி, 2013 மே மாதம் ஃபோர்டு மூடும் தேதியைக் குறித்தது. 2016ல் அது போனது. 2017 அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் அடுத்தடுத்து மூடின.

நாலு மடங்கு மலிவான ஆசியா என்றால் அதில் நாமும் சேர்த்திதான். மூடப் போகிறேன் என்று ஃபோர்டு சொன்ன அதே 2013ல், ஆஸ்திரேலியர்களுக்கு விற்க மறைமலைநகரிலிருந்து எகோஸ்போர்ட் கப்பலேறியது. பின்னாளில் அமெரிக்காவுக்கும் போனது. ஆஸ்திரேலியத் தொழிலாளியின் சம்பளம்தான் அந்த ஆலைகளுக்கு எமனாக வந்தது என்று பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அப்படியானால் குறைந்த சம்பளத்தில் ஓடிய மறைமலைநகர் ஆலை ஏன் அடுத்த ஒன்பது வருடத்தில் படுத்தது?

சுங்கவரியைக் குறைத்ததுதான் காரணம் என்பவர்களுக்கும் நம் ஊர்க் கதை இடைஞ்சல். இந்தியா வரிச் சுவரை இடிக்கவே இல்லை. ஃபோர்டு மூடிய காலத்தில் முழுதாக இறக்குமதியாகும் புதிய காருக்கு இங்கே 60 முதல் 100 சதவீதம் வரி. அந்தச் சுவருக்குள் பாதுகாப்பாக இருந்தபடியேதான் ஆலை செத்தது. சுவருக்குள்ளேயே மாருதியும் ஹூண்டாயும் இருந்தன. விற்கும் கார்களில் பாதிக்கு மேல் அவை இரண்டும் அள்ளிக்கொண்டன. ஃபோர்டுக்குக் கடைசியில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஏறக்குறைய ஒரே காலத்தில் சென்னைக்கு வந்தவர்கள்தான் ஃபோர்டும் ஹூண்டாயும். ஹூண்டாய் 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ என்ற சின்னக் காரோடு இறங்கியது. ஃபோர்டு எஸ்கார்ட், ஐகான் என்று பெரிய செடான்களில் தொடங்கி, 2010ல்தான் ஃபிகோ என்ற சின்னக் காருக்கு வந்தது. நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்னக் காருக்கு 2006லேயே கலால் வரியை 24லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தாகிவிட்டது. என்ன வண்டி விற்கும் என்று அரசாங்கமே வெளிச்சம் போட்டுக் காட்டியும் நாலு வருடம் கழித்து வந்தால் எப்படி?

எண்ணிக்கை இல்லாவிட்டால் மலைக்குப் பட்டறையும் வராது, சாமானும் வராது. சாமான் இல்லாத வண்டியை டாக்ஸிக்காரர் தொடமாட்டார். அவர் தொடாததால் எண்ணிக்கை இன்னும் குறையும். எங்கள் ஸ்டாண்டின் செல்லப்பிள்ளையாக இருந்த டவேராவுக்கும் 2017ல் முடிவு வந்தது. டவேரா செய்த ஜெனரல் மோட்டார்ஸ், தன் ஹோல்டன் ஆலையை மூடிய அதே வருடம் இந்தியாவில் கார் விற்பதையும் நிறுத்தியது. இப்படி ஆலை சாவது நமக்குப் புதிதும் அல்ல. பெருங்களத்தூரில் ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1980களின் கடைசியிலேயே அடங்கிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கும்?

ஆலை சாவதில் மட்டும் இரண்டு நாட்டுக்கும் ஒற்றுமை. சாகும் முறையில் இல்லை. ஆஸ்திரேலியத் தொழிலாளிக்கு மூன்று, நாலு வருடம் முன்கூட்டியே தேதி தெரிந்தது. வேறு வேலை கற்றுக்கொள்ள அரசும் கம்பெனியும் பணம் ஒதுக்கின. இங்கே பத்தே மாதம். கூடுதல் செட்டில்மென்ட் கேட்டு 2022 மே, ஜூனில் மறைமலைநகர்த் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். எங்கள் மலையில் இதைவிடப் பழைய ஆள்குறைப்பு ஒன்று உண்டு. காட் ரோடு 1914ல் முடியும்வரை, அம்மையநாயக்கனூரில் ரயிலிறங்கிய துரைமார்களை அடிவாரத்திலிருந்து டோலியில் சுமந்து ஏற்றியவர்கள் கூலிகள். மோட்டார் ஏறியதும் அந்தப் பிழைப்பு போயிற்று. அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்தவர் யாருமில்லை.

2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசோடு ஃபோர்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 3,250 கோடி ரூபாய் முதலீடு. மறைமலைநகரில் இன்ஜின் மட்டும் செய்வார்கள், ஏற்றுமதிக்காக. 2029ல் உற்பத்தி தொடங்கும். வருடத்துக்கு 2,35,000 இன்ஜின், 600க்கும் மேல் வேலை. வரட்டும், வேண்டாம் என்று யார் சொல்வது? ஆனால் இந்த முறை விற்கும் எண்ணிக்கை வெளிநாட்டான் கையில். அங்கே தேவை குறைந்தால் என்ன செய்வார்கள், எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தால் நல்லது.