எந்தப் பக்கம் ஓடுது தண்ணி?



மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. ஆகவே சாக்கடையைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். சிவில் பிரிவில் படிக்கும் நாம் நாளைக்குக் கட்டப்போவதில் பாதி அதுதானே!

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊராட்சி எங்கள் ஊர். அப்பா விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போவார். அம்மாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் ஜெயித்தவர், அம்மாவோடு தோட்டத்துக்குப் போகும் ஓர் அக்கா. எட்டாவது வரை படித்தவர். முதல் ஒரு வருஷம் அவர் வீட்டுக்காரர்தான் எல்லாம் பேசினார். அக்கா கையெழுத்து மட்டும் போட்டார். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-ல் சட்டம் திருத்தினார்கள். நாற்காலி கிடைத்தது, வாய் கிடைக்கக் கொஞ்ச நாள் ஆனது.

நான் பத்தாவது எழுதிய 2023-ல் எங்கள் தெருவில் புதுச் சாக்கடை கட்டினார்கள். பில்லுக்குத் தீர்மானம் போடும் கூட்டத்தில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

"எஸ்டிமேட் மேல இருந்து வந்தது. உனக்கு என்னம்மா தெரியும்?" என்று சிரித்தார்களாம்.

"எனக்குத் தெரியாதுண்ணே. அதான் ரெண்டு குடம் தண்ணி ஊத்திப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்றாராம் அக்கா.

மறுநாள் ஊற்றினார்கள். ஓடைக்குப் போக வேண்டிய தண்ணீர் திரும்பி எங்கள் வாசலுக்கே வந்தது! தெருவே பார்த்தது. ஒரு வாரத்தில் அந்தப் பக்கத்தை இடித்துச் சரிவு எடுத்துக் கட்டினார்கள். பிறகு சர்வே வகுப்பில் டம்பி லெவலை வைத்து மட்டம் பார்க்கக் கற்றபோது எனக்கு அக்காவின் குடம்தான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே கருவிதான் நண்பர்களே!

நம் ஆட்கள் வார்டு மெம்பர் என்றால் என்ன நினைக்கிறார்கள்? குழாய் போட்டுத் தருபவர், விதவைப் பென்ஷனுக்கு அலைபவர், கல்யாணத்துக்கு மொய் வைப்பவர். அதெல்லாம் சரி. ஆனால் அவருடைய முதல் வேலை கேள்வி கேட்பது. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் தலைவர் தனி ராஜா அல்ல. காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் கேட்காமல் விட்டால் வேறு யார் கேட்பது? ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய உத்திரமேரூர் கல்வெட்டில்கூட, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது, அவருடைய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அக்காவின் பதவிக்காலம் முடிந்தது. புதிய தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் வந்தார். எனக்கு 18 வயதாகி, ஓட்டுரிமையோடு ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முதன்முதலாகப் போனபோது, முன்வரிசையில் நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லை. அடுத்த தெருவில் புதிதாகப் போட்ட சிறுபாலத்தில் தண்ணீர் தேங்குகிறது. அதைக் கேட்டேன். "மனு எழுதிக் கொடும்மா, பார்ப்போம்" என்றார்கள். நல்லபடியாகத்தான் சொன்னார்கள். மழை முடிந்தும் தண்ணீர் அங்கேயே நின்றது. பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

அதிகாரியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. தேனி மாவட்டத்தில் 130 ஊராட்சிகள், 8 ஒன்றியங்கள். சராசரிக்கு ஓர் ஒன்றியத்துக்கு 16 ஊராட்சி. அத்தனைக்கும் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர் என்றால், எந்தத் தெருவில் குடம் ஊற்றிப் பார்ப்பார்? அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. செலவு செய்கிற கையும் கணக்குக் கேட்கிற வாயும் ஒரே ஆளுடையதாகி விடுகிறது. 2016 அக்டோபர் தொடங்கி மூன்று வருஷத்துக்கு மேல் இதே கதைதான் நடந்தது.

"தேர்ந்தெடுத்தவன் மட்டும் யோக்கியனா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் அவரை வாசலில் நிறுத்திக் கேட்கலாம், ஐந்து வருஷத்தில் மாற்றலாம். காலி நாற்காலியை என்ன கேட்பது? ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப்பக்கம் உசிலம்பட்டி வட்டாரத்தைப் பாருங்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996 முதல் 2006 வரை தலித் ஒருவர் தலைவராக அமர்ந்துவிடக் கூடாது என்றே நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்கள். நாற்காலிக்குச் சக்தி இல்லையென்றால் இத்தனை பிடிவாதம் எதற்கு?

ஆகவே நண்பர்களே, தேர்தல் வருகிறவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. அங்கே நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பாமல், வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி எஸ்டிமேட், அளவுப் புத்தகம் இவற்றின் நகல் கேட்கலாம். வேலையை நேரில் பார்வையிடலாம். கட்டுமானப் பொருளின் மாதிரிகூடக் கேட்டு வாங்கலாம். சிமெண்ட், மணல், ஜல்லி விகிதம் தெரிந்த பிள்ளைகள் நாம். நம் ஊரில் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். அதனால்தான் எனக்குக் கடமை அதிகம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நாளைக்கு நம்மில் சிலர் ஓவர்சியர் ஆவோம், சிலர் காண்ட்ராக்ட் எடுப்போம். அப்போது எட்டாவது படித்த ஓர் அக்கா எழுந்து நின்று, "தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். குடத்தை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்.

– மூன்றாம் ஆண்டு மாணவி, சிவில் பிரிவு