ஊசி போட்ட பூனையும் கர்ப்பிணியும்

வீட்டில் ஒரு பெண் கருவுற்றால் பூனையைத் துரத்தச் சொல்வார்கள் சிலர். "அதான் ஊசி போட்டாச்சே, இனி என்ன பயம்?" என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது பேச்சு அன்பானது என்பதாலேயே யாரும் அதை மறுப்பதில்லை. ஆனால் அதை நம்பி ஒரு கர்ப்பிணி அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

கர்ப்பிணிகள் அஞ்ச வேண்டியது, பூனைக் கழிவிலும் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. சிசுவின் கண்ணையும் மூளையையும் அது கெடுக்கலாம். நம் ஊரில் பூனைக்குப் போடும் ஊசிகளோ வெறிநோய்க்கும் வேறு சில வைரஸ் நோய்களுக்குமானவை. டாக்ஸோபிளாஸ்மாவை அவை தடுக்காது.

"வெளிநாட்டில் அதற்கும் தடுப்பூசி இருக்கிறதாமே?" இருப்பது ஆட்டுக்கு. நியூசிலாந்தில் உருவான அது, செம்மறி ஆடுகளில் கருச்சிதைவைத் தடுக்கிறது. பூனைக்கும் முயன்றார்கள். டி-263 என்ற திரிந்த ஒட்டுண்ணி வகையை வாய்வழியே கொடுத்தபோது, பெரும்பாலான பூனைகள் பிறகு கிருமி முட்டைகளை வெளியேற்றவில்லை. 1990களில் அமெரிக்காவின் இல்லினாய் பன்றிப் பண்ணைகளில் திரிந்த பூனைகளிடமும் சோதித்தார்கள். ஆனால் அதை எலிகளில் வளர்த்து, உறைநிலையில் உயிரோடு காக்க வேண்டியிருந்தது, விற்பனைக்கு வரவில்லை. 2019இல் மரபணு நீக்கிய ஒரு வகையும் ஆய்வகத்தில் நல்ல பலன் தந்தது.

"அது கடைக்கு வந்தால் கவலை தீருமே" என்ற நம்பிக்கையைத்தான் முக்கியமாக மறுக்க வேண்டும். பூனை பெரும்பாலும் முதல் தொற்றின்போது, ஓரிரு வாரம் மட்டுமே கிருமி முட்டைகளைக் கழிக்கிறது. எலி பிடிக்காமல், பச்சைக்கறி தின்னாமல் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு அந்தத் தொற்றே அரிது. ஐரோப்பாவின் 6 நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வு, தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதத்துக்கு வேகாத இறைச்சியையும், 6 முதல் 17 சதவீதத்துக்கு மண்ணையும் காரணமாகக் கண்டது. பூனையோடு பழகுவது காரணமாகத் தெரியவில்லை. நம் கோவையிலேயே 2004-05இல் இருநூறுக்கும் மேற்பட்டோரின் கண்களை இந்த நோய் தாக்கியது. சந்தேகம் விழுந்தது குடிநீர் மீது. வெளியே திரியும் பூனைகளின் கழிவு கலந்த நீரை, உங்கள் பூனைக்குப் போடும் ஊசி சுத்தம் செய்யாது.

பண்ணைகளையும் நீர்நிலைகளையும் காக்கப் பூனைகளுக்கு அப்படியொரு தடுப்பூசி வந்தால் நான் மனதார வரவேற்பேன். கர்ப்பிணிக்கு இன்று தேவை வேறு: கறியை நன்றாக வேகவைப்பது, கீரையைப் பலமுறை அலசுவது, மண்ணைத் தொட்டால் கை கழுவுவது. பூனைக் கழிவில் வரும் முட்டைகள் தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாள் ஆகும். எனவே மணல் தட்டைத் தினமும் வீட்டில் வேறு யாராவது சுத்தம் செய்ய வேண்டும்.